தவளைக் குரல் ஆராய்ச்சி

அரசு மானியம் யாருக்குப் போகிறது என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று காட்டில் புதுச் சட்டம் வந்தது. உடனே மைனா குளக்கரை மரத்தில் உட்கார்ந்து உரக்க அறிவித்தது: "தவளைகளின் குரல் பற்றி ஆராயச் சாரைப்பாம்புக்கு மானியம்!"

கரையிலிருந்த தவளை ஒன்று திடுக்கிட்டுப் பாம்பிடம் கேட்டது: "எங்களைப் பற்றிய ஆராய்ச்சியா? எங்களுக்கே தெரியாதே! அதுசரி ஐயா, நேற்று பேட்டி எடுக்கணும் என்று என் சித்தப்பாவைக் கூட்டிப் போனீர்களே, அவர் இன்னும் வீடு திரும்பவில்லையே?"

"அவரை முழுமையாக உள்வாங்கிக்கொண்டேன், தம்பி" என்று ஏப்பம் விட்டது பாம்பு. "உன் குரலும் அருமைதான். கொஞ்சம் கிட்ட வா."

கரையிலிருந்த தவளைகளெல்லாம் ஒரே தாவலில் தண்ணீருக்குள் மறைந்தன. அதன்பின் ஒன்றுகூடப் பாம்பின் கண்ணில் படவில்லை.

பசி தாங்காத பாம்பு அரசுக்கு மனுப் போட்டது: "அடுத்து எலிகளை ஆராய விரும்புகிறேன். மானியம் குறைந்தாலும் பரவாயில்லை. அறிவிப்பு மட்டும் வேண்டாம்."