இருபது நிமிசம்

"ஐயாவுக்கு நேரமில்லை, தம்பி," என்றது ஃபோனில் அந்தப் பெண்குரல், மூன்றாவது தடவையாக.

தீயணைப்பாளர் சங்கத்துக்காகப் பிரியந்தன் கேட்டது, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் இரத்தினவேலிடம் வெறும் இருபது நிமிடம். தீயணைப்பு வேலையால் புற்றுநோய் வந்து இறப்பவர்களின் குடும்பத்துக்குப் பென்சன் தரும் சட்டமூலத்துக்கு வியாழக்கிழமை வாக்கெடுப்பு. அவனுடைய தீயணைப்புக் குழுவின் கப்டன் அதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள்.

"நாளைக்குப் பின்னேரம் எண்டாலும் ஏலாதோ? காலமை எனக்கு மில்லிக்கன் ஃபயர் ஸ்டேசனிலை டியூட்டி."

"மில்லிக்கனிலையோ? சரி," என்று குரல் ஃபோனை வைத்துவிட்டது.

மறுநாள் காலை மில்லிக்கனில் ஒரு வீட்டில் புகை அலாரம் அடித்தது. பிரியந்தனின் வண்டி போய் நின்றபோது, புல்தரையில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று இருமிக்கொண்டிருந்தவர் சாட்சாத் இரத்தினவேல்.

"மனிசி கறித்தூளுக்கு மல்லி, மிளகாய் வறுக்கிறா, தம்பி. நெருப்பொண்டும் இல்லை."

"எண்டாலும் புகை போகுமட்டும் உள்ளுக்கை விடேலாது, ஐயா. இருபது நிமிசமாகும்."

அந்த இருபது நிமிடமும் பிரியந்தன் சட்டமூலத்தையும் கப்டனையும் பற்றிச் சொன்னான். இரத்தினவேல் கண்ணீர் வழிய அவன் கையைப் பிடித்தார்.

"என்ரை வோட் உங்களுக்குத்தான்."

அந்தக் கண்ணீரில் மிளகாய் எவ்வளவு, கப்டன் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகப் பிரியந்தன் குசினிக்குள் நுழைந்தான். சட்டியில் மல்லியும் இல்லை, சீரகமும் இல்லை. மூன்றே மூன்று காய்ந்த செத்தல் மிளகாய், கரிக்கட்டையாக.

"அவர் சொல்லச் சொன்ன மூண்டு பொய்க்கும் ஒவ்வொண்டு," என்றார் இரத்தினவேலின் மனைவி சந்திரவதனா. ஃபோனில் கேட்ட அதே குரல்.

"கதைக்க இருபது நிமிசம் காணுமாயிருந்ததோ, தம்பி?"