மேடம் விற்ற வீடு

"அடிப்பாவி!"

வாய்விட்டே சொல்லிவிட்டார் கிளார்க். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கவும், இருமுகிற மாதிரி பாவனை செய்து சமாளித்தார்.

வீட்டு விலையைக் கணித்துச் சொல்கிற கம்பெனி அது. எந்த வீடு, யார் விற்றது, யார் வாங்கியது, என்ன விலை என்று வாராவாரம் பத்திரப்பதிவு ஆபீசிலிருந்து பட்டியல் வரும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது கிளார்க்கின் வேலை. அதை வைத்து, வரும் வருஷம் விலை ஏறுமா இறங்குமா என்று எழுதுவது மேடத்தின் வேலை. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'பஞ்சாங்கம்'. இதுவரை சொன்னது எதுவும் பிசகியதில்லை.

இந்த வாரப் பட்டியலில், விற்றவர் என்ற இடத்தில் மேடத்தின் பெயரே இருந்தது!

போன மாதம்தான், "அடுத்த வருஷம் வீட்டு விலை பன்னிரண்டு சதவீதம் ஏறும்" என்று பக்கம் பக்கமாக எழுதினார். அதை நம்பித்தான் கிளார்க் பெண்டாட்டி நகையை அடகு வைத்து, பேங்க் வாசலில் செருப்புத் தேய நடந்து, ஒரு ஃபிளாட்டைப் பேசி முடித்திருக்கிறார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்து. போட்டால் இருபது வருஷத் தவணை.

மேடம் என்ன விலைக்கு விற்றார் என்று கிளார்க் பார்த்தார். அந்தத் தெருவில் போகிற விலைக்குப் பத்து லட்சம் கம்மி!

ஏறும் ஏறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தன் வீட்டை மட்டும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். அப்படியென்றால் விலை விழப் போகிறது. அது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

நேரே மேடத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், வீட்டை வித்துட்டீங்களாமே?"

"ஆமா. போன வாரம்."

"விலை ஏறும்னு எழுதினீங்களே?"

"ஏறும். அதுல என்ன சந்தேகம்?"

"ஏறப் போற வீட்டை யாராவது இப்ப விப்பாங்களா மேடம்? அதுவும் பத்து லட்சம் குறைச்சு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது என் சொந்த விஷயம். விடுங்களேன்."

விடுவதா? கிளார்க்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்தால் பெண்டாட்டியின் போன்.

"ஏங்க, அஞ்சு மணியை மறந்துடாதீங்க. எந்த ரூம் யாருக்குன்னு பசங்க இப்பவே அடிச்சிக்கிறாங்க!"

"இரு, இரு. ஒண்ணை விசாரிச்சிட்டுச் சொல்றேன்."

"என்னத்தை விசாரிக்கப் போறீங்க? விசாரிச்சு விசாரிச்சே பத்து வருஷம் ஓட்டியாச்சு."

"வைடி போனை!"

பட்டியலில் விலாசம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏமாந்த சோணகிரி யார் என்று ஒரு பார்வை பார்த்தே ஆகவேண்டும்.

சின்ன வீடு. முன் அறையில் தையல் மெஷின். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒருவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டை வாங்கினது..."

"நான்தான் சார்." முகமெல்லாம் சிரிப்பு. "பதினாலு வருஷமா இங்கேயே வாடகைக்கு இருந்தேன். இப்ப சொந்தமாயிடுச்சு."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கிளார்க்குக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஊசியும் நூலுமாகப் பாடுபட்டுச் சேர்த்த காசு.

"அண்ணே, நான் அந்த மேடத்தோட ஆபீஸ்தான். உங்களைப் பார்த்தா நல்ல மனுஷராத் தெரியுது, அதனால சொல்றேன். விலை விழப் போகுது. அது தெரிஞ்சுதான் அந்தம்மா வீட்டை உங்க தலையில கட்டிட்டாங்க."

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"யாரு சார் தலையில கட்டினது? அம்மாவா? நாக்கு அழுகிடும், அப்படிச் சொல்லாதீங்க."

"அப்புறம் எதுக்குப் பத்து லட்சம் குறைச்சு வித்தாங்க? பதிவு ஆபீஸ் பட்டியல்லயே இருக்கே!"

"என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான். லோனெல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன். 'உங்களால எவ்வளவு முடியுமோ அதான் விலை'ன்னுட்டாங்க."

கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரிண்ணே, குறைச்சே குடுக்கட்டும். இவ்வளவு அவசரமா எதுக்கு விக்கணும்?"

"நானும் அதையேதான் சார் கேட்டேன். 'இன்னும் ஒரு வருஷம் பொறுங்கம்மா, கொஞ்சம் சேர்த்துக்கிட்டு நியாயமான விலைக்கே வாங்கிக்கறேன்'னு சொல்லிப் பார்த்தேன். கேட்கவே மாட்டேன்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'அடுத்த வருஷம் விலை பன்னிரண்டு சதவீதம் ஏறிடும். அப்ப இதைவிடப் பெரிய விலைக்கு யாராவது வந்து நிப்பாங்க, எனக்கே ஆசை வந்துடும். என் மனசு மாறுறதுக்குள்ள எழுதி வாங்கிக்கய்யா'ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பதிவு பண்ணிக் குடுத்தாங்க சார்."