வெடிப் பொத்தான்

சத்தம் கேட்டதும் ஊர்க்காவலன் கஞ்சிச் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பட்டாசுக் கம்பெனிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பாலகுரு வீட்டுக்கு நடந்தார்.

இன்றைக்கு அந்தப் பெட்டியை உடைக்காமல் விடுவதில்லை.

எவனோ ஒரு கச்சேரிக்காரன் தட்டித் தேய்த்துப்போட்ட கீபோர்டை, சிவகாசிப் பழைய சாமான் கடையில் மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான் பாலகுரு. அன்றிலிருந்தே அவருக்கு அதைக் கண்டால் ஆகாது. ஊதாமலே குழல் கேட்கிறது, அடிக்காமலே மேளம் கேட்கிறது. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், முழுப் பாட்டையும் அதுவே வாசித்து முடிக்கிறது. ஆள் கை படாமல் நடக்கிற எந்தக் காரியத்தையும் அவர் நம்பியதில்லை.

அதுகூடப் போகட்டும். மூலையில் நாய் குரைக்க ஒரு பொத்தான், ரயில் ஓட ஒரு பொத்தான். அதற்குப் பக்கத்தில், வெடி வெடிக்க ஒன்று.

இந்த ஊரில் போய் வெடிப் பொத்தான்.

போன வாரம் கோயில் ஸ்பீக்கரில் சொருகி அதை அமுக்கிவிட்டான். சத்தம் கேட்டால் இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. போட்டது போட்டபடி கிடக்க, பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். மகள் மாரிசெல்வி அங்கே வெடிமருந்து செலுத்தும் அறையில் இருந்தாள். ஊர்க்காவலன் மாரில் அடித்துக்கொண்டு போய்க் கேட்டில் விழுந்தார். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடந்து அரித்தது.

பாலகுரு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி.

"ஏலே, ஊரு குடியக் கெடுக்கவாலே இதை வாங்குன? தரையே அதிருது! எம்புட்டுப் பெரிய ஸ்பீக்கர்லே வச்சிருக்க?"

பாலகுரு அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திமிர் அவருக்குக் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"கேக்குறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?"

பெட்டியைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார். வெறும் அட்டை மாதிரி வந்துவிட்டது. தூக்கிய வேகத்தில் அவரே ஓர் எட்டு பின்னால் போனார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தார். விரித்த பேப்பரில் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் கழுவிக் காயப்போட்டுக் கிடந்தன. ஸ்பீக்கர் ஒரு பக்கம், வயர்கள் ஒரு பக்கம். பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

"காலையிலயே கழட்டிட்டேன், மாமா," என்றான் பாலகுரு.

ஊர்க்காவலன் திரும்பினார். கம்பெனிக்கு மேலே புகை தூணாக எழும்பி நின்றது.

தெருவில் ஒருவரும் ஓடவில்லை.

குழாயடியில், புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குருவம்மாள் குடத்தை அலசிக்கொண்டிருந்தாள். அவள் மகளும் மாரிசெல்வியோடு அதே வேனில்தான் வேலைக்குப் போகிறவள். கிழவர் கையில் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீகளா அண்ணே, சத்தம் கேட்டா அது இந்தப் பெட்டிதான், யாரும் ஓடாதீகன்னு வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனீகள்ல, இன்னைக்கு ஒருத்தியாவது ஓடுனாளா?"