ஆறு ரின் வைன்

சுதாகரன் இருபத்திரண்டு வருடம் சுவிஸில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஓர் உணவகத்தில் சட்டி கழுவினார் என்பது அவருக்கும் அந்தச் சட்டிகளுக்கும் மட்டுமே தெரியும். மானிப்பாயில் எட்டு அறைகளோடு விருந்தகம் திறந்த நாளிலிருந்து, "நான் அங்கை வைன் துறையிலை இருந்தனான்" என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தார்.

அதனால், அன்று பிற்பகல் ஓர் இளம் சோடி வந்து, "கலியாண வரவேற்புக்கு முந்நூறு பேர் வருவினம் அண்ணை. வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு வைன் வைக்கவேணும். உங்களிட்டைத் தகர ரின்னிலை அடைச்சு வாறது இருக்காம்" என்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்த விருந்தகத்தில் தங்கியவை பல்லிகள் மட்டும்தான்.

மாப்பிள்ளையின் பெயர் மயூரதன். பெண் கோபிகா. இருவரையும் விறாந்தையில் உட்காரவைத்துவிட்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த பின்னறைக்குப் போய், அங்கிருந்த குளிர்சாதனப்பெட்டியிலிருந்து ஆறு ரின்களை அணைத்து எடுத்துவந்தார்.

"கண்ட கண்ட ஆக்களுக்கு நான் இதைக் காட்டுறேல்லை" என்றபடி முதலாவதைத் திறந்து ஊற்றினார். "உடனை விழுங்காதை தம்பி. முதல் மூக்கிலை வைச்சு மணந்து பார். பிறகு வாய்க்குள்ளை வைச்சு உருட்டு."

மயூரதன் உருட்டினான்.

"இருமல் மருந்துப் பாணி மாதிரி இருக்கு அண்ணை."

"அதுதான் அதின்ரை விசேசம்."

இரண்டாவது மாங்காய்த் தோலைக் கடித்தது போலப் புளித்தது. மூன்றாவது ரோசா நிறம், திருவிழாச் சர்பத்தேதான். நான்காவது, வெயிலில் மறந்துபோய் விட்ட கொடிமுந்திரிகைப்பழம் போலிருக்கிறது என்றான் மயூரதன். சுதாகரன் அசரவில்லை. ஒவ்வொரு ரின்னுக்கும் ஒரு மலையையும் அதன் அடிவாரத்தில் ஒரு கிராமத்தையும் அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னார்.

கோபிகா உதட்டை நனைத்ததோடு சரி. கிளாசில் மிஞ்சியதை எல்லாம் கைப்பையிலிருந்து எடுத்த சின்னப் போத்தல்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி மூடினாள்.

"அது என்னத்துக்குப் பிள்ளை?"

"அம்மாவும் ருசி பாக்கவேணும் எண்டவா."

சுதாகரனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. குடித்துப் பார்ப்பது ஒன்று. கட்டிக்கொண்டு போவது இன்னொன்று.

"எப்ப கலியாணம்?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"தையிலை" என்றான் அவன்.

"ஆவணியிலை" என்றாள் அவள், அதே நேரத்தில். பிறகு, "ஆவணியிலை பதிவெழுத்து, தையிலை தாலி" என்று சேர்த்துக்கொண்டாள்.

மண்டபம் நெல்லியடியில் என்றார்கள். பெயரையும் சொன்னார்கள். அந்த மண்டபத்தின் முகாமையாளர் சுதாகரனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். ஐஸ் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போய்த் தொலைபேசியில் விசாரித்தார். ஆவணியிலும் இல்லை, தையிலும் இல்லை. அந்தப் பெயர்களில் எந்தக் கலியாணமும் அங்கே பதியப்படவில்லை.

சுதாகரன் கத்தவில்லை. திரும்பி வந்து, ஐந்தாவதையும் ஆறாவதையும் தன் கையாலேயே திறந்து ஊற்றினார். குற்றம் பெருகட்டும் என்று பார்த்தார். ஆறும் முடிந்த பிறகுதான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மண்டபத்துக்கு எடுத்துக் கேட்டனான் தம்பி."

மயூரதன் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கோபிகாவைப் பார்த்தான்.

"ஓம் அண்ணை. கலியாணம் ஒண்டும் இல்லை" என்றாள் அவள்.

"வெக்கமாயில்லையோ? நல்ல குடும்பத்துப் பிள்ளையள் மாதிரி வெளிக்கிட்டு வந்து, ஓசியிலை குடிச்சு, வீட்டுக்கும் கொண்டுபோறியள்."

"இப்ப எங்களை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

"பொலிசுக்கு நான் போகேல்லை. எனக்கு இரக்க மனசு. நடந்ததை ஒரு தாளிலை எழுதித் தந்திட்டுப் போங்கோ. வலிகாமத்திலை இருக்கிற ஹோட்டல்காரர் எல்லாருக்கும் வட்சப்பிலை அனுப்பப்போறன். இனி ஒரு இடத்திலையும் உங்கடை வாயிலை ஒரு சொட்டு விழாது."

தாளும் பேனையும் வந்தன. கோபிகா எழுதத் தயாரானாள். சுதாகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தபடி சொல்லத் தொடங்கினார்.

"'இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, திரு. சுதாகரன் அவர்கள் தமது விருந்தகத்தில் விற்பனைக்காக வைத்திருந்த ஆறு வகை வைனை எமக்கு ஊற்றித் தந்தார்...' எழுதியாச்சே?"

"'ஊற்றித் தந்தார்.' ஓம், எழுதியாச்சு."

"'மேலும் நாற்பது பெட்டி அவரிடம் இருப்பில் உள்ளது' எண்டும் போடு பிள்ளை. வாசிக்கிறவை என்னைச் சின்ன வியாபாரி எண்டு நினைக்கக்கூடாது."

அதையும் எழுதினாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. 'கலியாணம் என்று பொய் சொல்லி வந்தோம்' என்று முடித்து, இருவரும் கீழே ஒப்பமிட்டார்கள்.

"நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சால்தான் இது செல்லும் அண்ணை" என்றாள் கோபிகா.

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. வளைத்து நெளித்து ஒப்பமிட்டார். உள்ளே ஓடிப்போய் விருந்தகத்தின் முத்திரையை எடுத்துவந்து குத்தினார். முதல் தடவை மை மங்கலாக விழுந்ததால், பக்கத்தில் இன்னொரு தடவையும் அழுத்திக் குத்தினார்.

பிறகு தாளை வாங்கக் கையை நீட்டினார்.

கோபிகா அதை ஊதிக் காயவைத்து, மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். அடையாள அட்டை ஒன்றை எடுத்து மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

தான் மதுவரித் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறதென்றும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்கிற ஒருவர் தானே வாக்குமூலம் சொல்லி, எழுதுவித்து, முத்திரையும் இரண்டு தடவை குத்தித் தந்தது இதுதான் முதல்முறை என்றும் அவள் மிக மரியாதையாகச் சொன்னாள்.