ஏழாவது வரி

குந்தவையின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் பூதலூர் வீட்டின் கூடத்தில் இருந்தது. கல்லூரி பிராஜெக்டுக்காக அவள் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வெளியிலிருந்து எந்தெந்த லைப்ரரிகளை, அதாவது துணைக் கோப்புகளை, வரவழைத்தது, ஒவ்வொன்றும் நினைவகத்தில் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். அவள் கணக்குப்படி ஆறு வர வேண்டும். பட்டியலில் ஏழு இருந்தன.

ஏழாவதன் பெயர் ஆலடி. அது அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் பெயர். அப்படி ஒரு கோப்பு டிஸ்கில் எங்குமே இல்லை.

“அப்பா, ஆலடி வந்துட்டுன்னு காட்டுதுப்பா.”

அப்பா நடராசனின் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நாளைக்குள் தண்ணீர் வராவிட்டால் நாற்றில் மாட்டை மேயவிடுவதென்று இருந்தார். ஆனாலும் சிரித்துவிட்டார்.

“பொட்டிக்குள்ள வந்து என்னம்மா பண்ண? அங்கேருந்து கொஞ்சம் வெளில வுடச் சொல்லு.”

குந்தவை விளையாட்டாக, ஏழாவதை விடுவிக்கும்படி ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். பட்டியலில் இப்போது ஆறுதான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூச்சலிட்டது. ஆலடியில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் புரண்டு வந்தது. நடராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடினார்.

“யாருடி சேத்துக்காலோட கூடத்துல நடந்தது? இப்பத்தானே தொடைச்சேன்!” என்று அம்மா கத்தினாள்.

குந்தவை குனிந்து பார்த்தாள். வண்டல் படிந்த சின்னஞ்சிறு பாதச் சுவடுகள். கம்ப்யூட்டர் மேசையடியில் தொடங்கி, தாவித் தாவி, வாசலைத் தாண்டிப் போயிருந்தன.