ஒன்பதாம் எண் கல்

"சத்தமா படிங்க. அவன் நம்மளையே பாக்குறான்," என்றாள் பிரபாவதி.

சிவசங்கரன் கையிலிருந்த வரைபடத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எண் ஒன்று. நகரத்தின் வாசல். ரோமர் காலத்து வணிகர்கள் கப்பலை விட்டு இறங்கி இந்த வழியாகத்தான்..."

"வாசலா இது? நாலு கல்லு கிடக்கு."

"இடிபாடுன்னா அப்படித்தான் பிரபா."

குவைத்திலிருந்து லாஞ்சு ஏறி வரவேண்டிய தீவு அது. சுற்றிக் காட்ட ஆள் கிடையாது. வாசலில் ஒரு வரைபடம் தருவார்கள். நட்டு வைத்திருக்கும் எண் கம்பங்களைப் பார்த்தபடி நாமே நடந்துகொள்ள வேண்டியதுதான். காவலாளி மஹ்மூது மட்டும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால் இந்தத் தீவின் பவர் ஹவுஸில்தான் சிவசங்கரனுக்கு வேலை. அப்போது இங்கே வேலியும் இல்லை, காவலும் இல்லை. பிறகு குவைத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வேலையும் முடிந்தது. நாளைக்கு விமானம், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. இங்கே வைத்துவிட்டுப் போனதை இன்றைக்கு எடுத்தால்தான் உண்டு.

"அந்த டப்பாவை வெளியில காட்டாதே."

"காலி பால் பவுடர் டப்பாங்க. காட்டினா என்ன?"

"இங்கேருந்து ஒரு சில்லு எடுத்தாக்கூட ஜெயிலுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கான்."

"அவங்க சொத்தையா எடுக்கப் போறேன்? நம்மளோடது."

"அதைப் போலீஸ்கிட்ட சொல்லு. அன்னிக்கு யாருக்கும் சொல்லாம வச்சதே தப்பு."

"தப்புதான். மணல் புயல் அடிச்சு லாஞ்சு நின்னு போகாம இருந்திருந்தா, இங்க ஏன் வைக்கப் போறோம்?"

மஹ்மூது நெருங்கி வந்தான். சிவசங்கரன் அவசரமாகக் குரலை உயர்த்தினார். "எண் நான்கு! எண்ணெய் ஆட்டிய இடம்!"

"செக்கு. எங்க சித்தப்பா வீட்டுக்குப் பின்னாடி இதைவிடப் பெரிசா ஒண்ணு கிடக்கு. இதைப் பாக்கக் கடல் தாண்டி வர்றாங்களாக்கும்."

"கொஞ்சம் சிரிச்ச முகமா வா பிரபா. சுத்திப் பாக்க வந்தவங்க மாதிரி."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

"நம்ம சேதுமாதவன் கேக்குறான். ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் எதுக்குய்யா தீவுக்குப் போறே, தங்கம் கிங்கம் புதைச்சு வச்சிருக்கியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன். வேற என்ன சொல்றது, எதிர் ஃப்ளாட்டுக்காரன்கிட்ட?"

"ஏர்போர்ட்ல தொறக்கச் சொன்னா?"

"மேலாப்புல பால் பவுடரைப் போட்டு மூடிடலாம். எவன் கிளறிப் பாக்கப் போறான்?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடம் ஞாபகம் இருக்கில்ல?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். குளியல் அறை, அதுக்கு அப்புறம் ஒரு பாதித் தூணு. அதை ஒட்டி அந்தக் கல் தொட்டி. உள்ளே மண்ணு விழுந்துடக் கூடாதுன்னு பலகைக் கல்லை நீங்கதானே தள்ளி மூடினீங்க."

"இப்பவும் நானே தள்ளுறேன். நீ மஹ்மூதுகிட்ட போய்த் தண்ணி கேளு."

"மாட்டேன். கல்லை மட்டும் நீங்க தள்ளுங்க. எடுக்கிறது நான்தான்."

குளியல் அறையைத் தாண்டினார்கள். பாதித் தூண் அப்படியே நின்றது. ஆனால் அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பம். பலகைக் கல்லை யாரோ எடுத்துத் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். தொட்டி பெருக்கித் துடைத்தது போல இருந்தது.

"எண் ஒன்பது..." சிவசங்கரன் வரைபடத்தை இறக்கினார்.

பிரபாவதி மண்டியிட்டு உட்கார்ந்து தொட்டிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினாள். "இல்லைங்க. ஒண்ணுமே இல்லைங்க."

பின்னால் ஓடி வரும் சத்தம். இருவரும் திரும்பவே பயந்தார்கள். மஹ்மூது மூச்சிரைக்கச் சிரித்தான். அவனுடைய இந்தி சிவசங்கரனுக்குப் பழகியதுதான்.

"அதுல என்ன தேடுறீங்க மேடம்? இருந்ததைப் போன குளிர்காலத்துல தோண்ட வந்த வெள்ளைக்காரங்க எடுத்துட்டாங்க. வாசல் ரூம்ல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கு. இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. யல்லா, வாங்க காட்டுறேன்!"

அறைக்குள் போனதும் மஹ்மூது தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தான்.

"ரோமர் குழந்தையோட எலும்பு, சாப். ரெண்டாயிரம் வருஷம்!" என்றான் பெருமையாக. "கால்கிட்ட பாருங்க, கறுப்பும் வெள்ளையுமா பாசிமணி. உங்க இந்தியா மணியாம். அந்தக் காலத்துலேயே உங்க ஊரோட வியாபாரம் நடந்ததுக்கு இதுதான் சாட்சின்னு பெரிய சாப் சொன்னார். ஆணா பொண்ணான்னுதான் அவங்களுக்கும் தெரியலையாம்."

"பொண்ணு," என்றாள் பிரபாவதி தமிழில், கண்ணாடியின் மேல் கையை வைத்தபடி. "தாமரைன்னு பேரு. அந்த மணியைக் கோத்துக் கட்டி விட்டவ நான்தான்."

"மேடம் என்ன சொல்றாங்க, சாப்?"

சிவசங்கரன் அவள் கையிலிருந்த காலி டப்பாவை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கச் சொல்றா, பாய்."