கரண்டிக் கதை

மறுபடியும் அதே வளையம்.

திரையைப் பார்த்த பேராசிரியருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. காலையிலிருந்து இது நான்காவது தடவை.

“எதால எடுத்தே?” என்றார்.

“பிளாஸ்டிக் கரண்டி சார். புதுப் பாக்கெட். நீங்கதானே பிரிச்சுக் குடுத்தீங்க,” என்றாள் ஆய்வாளர். நான்கு வருடமாக அவரிடம் குப்பை கொட்டுகிறவள். அவர் கத்தும்போது பிஸ்கெட் சாப்பிடப் பழகியிருந்தாள்.

முப்பது வருடமாக அவர் மூலக்கூறுகளைக் காந்தமாக்கிக்கொண்டிருக்கிறார். காற்றே உறைந்துபோகிற குளிரில் அவை காந்தமாக இருக்கும். வெளியே எடுத்தால் வெறும் கலர்ப்பொடி. வெறும் பொடி என்றால் கருவி ஒற்றைக் கோடு போடும். காந்தம் என்றால் கோடு இரண்டாகப் பிரிந்து வளையமாகும்.

இந்தக் கறுப்புப் பொடியோ, மின்விசிறி சுற்றுகிற சாதாரண அறையின் சூட்டில், கூச்சநாச்சமே இல்லாமல் வளையம் போடுகிறது.

நடக்காது. இந்த வகை மூலக்கூறுக்கு அந்த யோக்கியதை கிடையாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவரே அவர்தான்.

சொல்வதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய ஆய்வகத்தில் ஒரு பெண் இதே பொடியைச் செய்து, இதே வளையத்தைப் பார்த்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடிவந்தாள். பொடியை அள்ளியது ஸ்டீல் கரண்டியால். கரண்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் உதிர்ந்து கலந்துவிட்டது. “ஆக, அந்தப் பெண் கண்டுபிடித்தது புதிய காந்தத்தை அல்ல, எங்கள் கரண்டியை” என்று முடிப்பார். அரங்கம் சிரித்து அடங்க அரை நிமிடம் ஆகும். ஒரு பாடப்புத்தகத்தில்கூட அந்தக் கதை ஏறிவிட்டது.

இந்த வளையம் நிஜமென்றால் முப்பது வருடத்துப் பேர் சந்தி சிரித்துவிடும். அதனால் அழுக்கு எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

கத்தரிக்கோலைத் தூக்கி வெளியே வைத்தார். மேசையைத் தானே மூன்று முறை துடைத்தார். கலக்குகிற குச்சி பழசா என்று கேட்டார். புதுசு என்றாள். கண்ணாடிக் குழாயை எந்த அமிலத்தில் ஊறவைத்தாய், எத்தனை மணி நேரம் என்று கேட்டார். சொன்னாள். கடைசியில் ஹேர்பின்னைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

ஐந்தாவது தடவை பொடியை எடுத்தது, நிறுத்தது, குழாயில் போட்டது எல்லாமே அவர் கை. அப்போதும் அதே வளையம். இனி யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

மாடியிலிருந்த பரிசோதனைக் கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. இரும்பு மருந்துக்குக்கூட இல்லை.

உடனே போன் போட்டு அவர்களையும் ஒரு பிடி பிடித்தார். அவர்கள் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, வேண்டுமானால் மூன்றாவது தடவையும் பார்க்கிறோம் என்றார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரிடம் வேறென்ன சொல்வது.

ஆய்வாளர் பிஸ்கெட் பாக்கெட்டை மடித்து வைத்தாள்.

“சார், அந்தக் கரண்டிப் பொண்ணு. அவங்க ஸ்டீல் கரண்டியாலதான் எடுத்தாங்கன்னு அவங்களே சொன்னாங்களா?”

“வேற எதால எடுத்திருப்பா?” என்று சீறினார்.

சீறிய பிறகுதான் யோசித்தார். அன்றைக்கு வளையத்தைப் பார்த்தார். பக்கத்தில் திறந்து கிடந்த இழுப்பறையில் ஸ்டீல் கரண்டிகளைப் பார்த்தார். சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் அந்தப் பொடியை அதற்குப் பிறகு தொடவில்லை. ஆறே மாதத்தில் ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டுவிட்டாள்.

சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எழுந்து வராந்தாவுக்குப் போனார். கைபேசியை எடுத்தவர், வைத்துவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தார். பிறகு கூப்பிட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் ஏகப்பட்ட பிள்ளைகளின் கூச்சல்.

“சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல எனக்குக் கிளாஸ் இருக்கு.”

“அந்தப் பொடி. அன்னிக்கு நீ எந்தக் கரண்டியால எடுத்தே?”

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. எந்தப் பொடி என்றும் கேட்கவில்லை. ஏதோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, கூச்சல் நின்றது.

“கரண்டியே எடுக்கலை. காகிதத்தை மடிச்சு, அப்படியே குழாய்க்குள்ள தட்டினேன்.”

அவருக்குப் பழைய எரிச்சல்தான் வந்தது.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“சொல்ல வாயெடுத்தேன், நீங்க சிரிச்சுட்டீங்க. அப்புறம் நம்ம கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சு அதே கதையைச் சொன்னீங்க. எங்க அப்பாகூடச் சிரிச்சார். அதுக்கப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”